ஆபரேட்டர் ஓவர்லோடிங்கா, டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியா: புது மொழியில் எதற்கு இடம் கொடுப்பது?

புதிதாக ஒரு நிரலாக்க மொழியை வடிவமைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். மொழியோடு கூடவே வரும் எண்ணையும் சரத்தையும் எழுதுவது சுலபம். அ + ஆ என்றால் போதும். பயனர் தானே உருவாக்கும் டைப்புகளுக்கும் (நேரம், பணம் போன்ற புது மதிப்பு வகைகளுக்கும்) அதே சுலபத்தைக் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதென்றால் எந்த வழியில்?

பழகிய வழிகள் இரண்டு. முதலாவது ஆபரேட்டர் ஓவர்லோடிங்: +, -, ==, < போன்ற குறிகள் தன் டைப்பில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த டைப்பை எழுதுபவரே சொல்லிவிடலாம். இரண்டாவது டீஃபால்ட் ப்ராப்பர்ட்டி: ஆப்ஜெக்ட்டின், அதாவது நிரலில் ஒரு பொருளின், பெயரை மட்டும் எழுதினால், அதன் குறிப்பிட்ட ஒரு ப்ராப்பர்ட்டியை (பண்பை) சொன்னதாக மொழி எடுத்துக்கொள்ளும். இரண்டுமே விசை தட்டுவதை மிச்சப்படுத்துகின்றன, இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஃபங்ஷனை ஓட்டுகின்றன. அதனால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, "மறைமுகமாக எதுவும் நடக்கக் கூடாது" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அப்படி ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. முதலாவதை வரம்போடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் இண்டெக்ஸோடு, அதாவது பட்டியல்(3) என்பது போல அடைப்புக்குறிக்குள் இட எண்ணோடு, வரும் வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட வேண்டும்.

டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியிலிருந்தே தொடங்கலாம். அதன் கதையில்தான் கற்க நிறைய இருக்கிறது.

1991-ல் வந்த விஷுவல் பேசிக், திரையில் ஃபாரம் வரைந்து, அதில் பெட்டிகளையும் பொத்தான்களையும் போட்டு, நாலு வரி கோட் எழுதுகிறவர்களுக்கான கருவி. அவர்கள் இப்படி எழுதலாம்:

பெயர்ப்பெட்டி = "வணக்கம்"

உண்மையில் நடப்பது இது:

பெயர்ப்பெட்டி.டெக்ஸ்ட் = "வணக்கம்"

லேபிளுக்கு கேப்ஷன், எக்செல் செல்லுக்கு வேல்யூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஃபால்ட். பெட்டி என்றாலே அதிலிருக்கும் எழுத்துதான் என்று நினைப்பவருக்கு இது மிகவும் இயல்பானது. அவருக்கு அந்த வரி உண்மையிலேயே உதவியது. அதை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் எப்போது வருகிறதென்றால், அந்தப் பெட்டியையே ஒரு மாறியில் பிடித்து வைக்க நினைக்கும்போது. அ = பெயர்ப்பெட்டி என்று எழுதினால் பெட்டி வேண்டுமா, அதிலிருக்கும் எழுத்து வேண்டுமா? சமக்குறிக்கு இப்போது இரண்டு பொருள் வந்துவிட்டது. அதைப் பிரிக்க அந்த மொழி இரண்டு அசைன்மென்ட்டுகளை (மாறிக்குள் ஒன்றை வைக்கும் வழிகளை) வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெறும் = போட்டால் மதிப்பு. முன்னால் செட் என்று சேர்த்தால் ஆப்ஜெக்ட். செட் போட மறந்தால் என்ன ஆகும் என்பது மாறியின் டைப்பைப் பொறுத்தது. ஆப்ஜெக்ட் டைப்பில் அறிவித்து இன்னும் எதுவும் வைக்காத மாறி என்றால், ஓடும்போது 91-ஆம் எண் பிழை வரும்: ஆப்ஜெக்ட் மாறி செட் செய்யப்படவில்லை என்று. எந்த டைப்பையும் ஏற்கும் வேரியன்ட் மாறி என்றால் எந்தப் பிழையும் இல்லாமல் மதிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எதுவும் சொல்லாமல் போகும் இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது.

விஷுவல் பேசிக்கின் ஒரு வகையிலேயே எழுதப்படும் எக்செல் மேக்ரோவில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு செல்லில் 10 இருக்கிறது. கீழே உள்ளதை ஓட்டுகிறோம்:

ம = செல்
பட்டியல்.ஆட் செல்
செல்.வேல்யூ = 20

இப்போது ம-வில் 10 இருக்கும். பட்டியலின் முதல் உருப்படியை அச்சிட்டால் 20 வரும். முதல் வரியில் வெறும் =, அதனால் மதிப்பு போனது. இரண்டாவது வரியில் ஆட் என்ற மெத்தட் (ஆப்ஜெக்ட்டோடு வரும் ஃபங்ஷன்) வேரியன்ட்டை வாங்குகிறது. அங்கே டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை, எனவே செல் ஆப்ஜெக்ட்டே பட்டியலுக்குள் போய்விட்டது. சரி, அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. அச்சிடும் இடத்தில் டீஃபால்ட் ப்ராப்பர்ட்டி வேலை செய்து, ஆப்ஜெக்ட்டைச் சாதாரண எண் போலவே காட்டும். பிழையை உண்டாக்கும் வசதியே அதை மறைத்தும் வைக்கிறது.

டிக்‌ஷனரியில் இன்னும் மோசம். ஒரே பெயர் பல வரிசைகளில் இருக்கிறது, அதை எண்ண வேண்டும் என்று செல்லை அப்படியே கீ-யாக, அதாவது தேடுவதற்கான அடையாளமாக, கொடுத்தால், ஒவ்வொரு செல்லும் தனி ஆப்ஜெக்ட் என்பதால் ஒவ்வொன்றும் தனிக் கீ ஆகிவிடும். "இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா?" என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் இல்லை என்றே பதில் வரும். தீர்வு எளிது, .வேல்யூ சேர்க்க வேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, பார்வையில் எங்கேயும் இல்லாத ஒன்றைத் தேட வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. எந்த ப்ராப்பர்ட்டி டீஃபால்ட் என்பது கோடிலேயே தெரியாது. விபி6-ல், அதாவது விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்பில், அதை ஒரு டயலாக் பெட்டியில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்செல் மேக்ரோ எடிட்டரில் அந்த வசதியும் இல்லை. கிளாஸை ஃபைலாக ஏற்றுமதி செய்து, டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, ஒரு அட்ரிப்யூட் வரியைக் கையால் சேர்த்து, திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். எடிட்டரில் அந்த வரி அதன் பிறகும் தெரியாது. பயன்படுத்தும் இடத்திலும் தடயம் இல்லை, எழுதிய இடத்திலும் தடயம் இல்லை.

அதே மொழியின் அடுத்த தலைமுறையாக 2002-ல் வந்த விபி டாட்நெட் இதைத் தூக்கிவிட்டது. பாராமீட்டர் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு) இல்லாத டீஃபால்ட் ப்ராப்பர்ட்டி போயிற்று, அதோடு ஆப்ஜெக்ட்டுக்கான செட் அசைன்மென்ட்டும் போயிற்று. சமக்குறிக்கு ஒரே பொருள் திரும்பி வந்தது. பழைய கோடை மாற்ற எவ்வளவு பேர் சிரமப்படுவார்கள் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. என் பார்வையில் துணிச்சலான, சரியான முடிவு.

ஆனால் முழுவதையும் அவர்கள் தூக்கவில்லை. பட்டியல்(3) என்று எழுதினால் பட்டியல்.ஐட்டம்(3) என்று பொருள்படும் வகை, அதாவது பாராமீட்டரோடு வரும் டீஃபால்ட் ப்ராப்பர்ட்டி, அப்படியே இருக்கிறது. சி ஷார்ப்பில் அதற்குப் பெயர் இண்டெக்ஸர். பைத்தானில் சதுர அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு சிறப்பு மெத்தட் அதே வேலையைச் செய்கிறது. இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. காரணம் அந்த அடைப்புக்குறி. "இங்கே ஏதோ ஓடுகிறது" என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெறும் பெயர் பெயராகவே இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓவர்லோடிங் பக்கம் வருவோம்.

ஓவர்லோடிங் வேண்டாம் என்று முடிவெடுத்த மொழிகளில் முக்கியமானது ஜாவா. அங்கே துல்லியமான தசம எண்களுக்கு பிக்டெசிமல் இருக்கிறது. அசல் × வட்டி + கட்டணம் என்ற எளிய கணக்கு இப்படி ஆகிறது:

அசல்.மல்டிப்ளை(வட்டி).ஆட்(கட்டணம்)

இது பரவாயில்லை. அடைப்புக்குறிகள் நாலைந்து வரும் சூத்திரத்தை இப்படி எழுதிவிட்டு, அது புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துப் பாருங்கள். பிழை பிடிப்பதற்கு வேண்டிய கவனம் முழுவதும் கோடைத் திரும்பச் சூத்திரமாக மாற்றிப் படிப்பதிலேயே செலவாகிவிடும். பெயர் கொடுத்தால் பொருள் தெளிவாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. அதே பிக்டெசிமலில் 2.0 என்பதும் 2.00 என்பதும் ஈக்குவல்ஸ் மெத்தடுக்குச் சமமல்ல. கம்பேர்டூ மெத்தடுக்குச் சமம். மெத்தட்டின் பெயரைப் பார்த்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. டாக்குமென்டேஷனைப் படித்தால்தான் தெரியும். குறி என்றாலும் பெயர் என்றாலும் எழுதியவர் கொடுத்த பொருளைத்தான் நம்பியாக வேண்டும். ஜாவாவிலேயே எண்களைத் தவிர சரங்களுக்கு மட்டும் + உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மொழியை வடிவமைத்தவர்களுக்குத் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பைத்தான் வேறு பாதையில் போனது. மேட்ரிக்ஸ் பெருக்கலை ஒன்றுக்குள் ஒன்றாக ஃபங்ஷன் அழைப்புகளால் எழுதிச் சலித்தவர்களுக்காக, 2015-ல் வந்த 3.5 பதிப்பில் @ என்ற ஆபரேட்டரே புதிதாகச் சேர்க்கப்பட்டது. பைத்தானோடு வரும் எந்த டைப்பும் அதைப் பயன்படுத்தவில்லை. வெளியே இருக்கும் நூலகங்களுக்காகவே திறந்துவிடப்பட்ட குறி அது.

எனக்கு ஓவர்லோடிங்கில் மிகவும் பிடித்த விஷயம் சுருக்கமாக எழுதலாம் என்பது அல்ல. எதை எழுதக் கூடாது என்று அதனால் சொல்ல முடிகிறது என்பதுதான். நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நேரப்புள்ளிகளைக் கழித்தால் ஒரு கால அளவு கிடைக்கும். நேரப்புள்ளியோடு கால அளவைக் கூட்டினால் இன்னொரு நேரப்புள்ளி. ஆனால் இரண்டு நேரப்புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பொருளே இல்லை. சி++-இன் க்ரோனோ நூலகத்தில் கழித்தல் இருக்கிறது, அந்தக் கூட்டல் இல்லை. எழுதினால் கம்பைல் ஆகாது, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. பைத்தானின் டேட்டைமில் டைப் பிழை வரும். இதையே வெறும் விநாடி எண்ணிக்கையாக வைத்திருந்தால் கம்பைலர் எதையும் கேட்காமல் கூட்டிக் கொடுத்திருக்கும்.

கெட்ட பெயரும் அதற்கு இருக்கிறது, அது வெறும் அவதூறும் அல்ல. சி++-இல் பிட்டுகளை நகர்த்தும் << குறியை வெளியீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பொருள் மாறியது, முன்னுரிமை (எந்தக் குறி முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை) மாறவில்லை. அதனால் வெளி << அ == ஆ என்று எழுதினால், ஒப்பிடுவதற்கு முன்பே அ அச்சுக்குப் போய்விடும். && குறியை ஓவர்லோட் செய்தால் இன்னொரு சிக்கல்: இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைத் தொடாமல் விடும் வழக்கம் போய்விடும், இரண்டு பக்கமும் கணக்கிடப்படும். ரஸ்ட் && மற்றும் || இரண்டையும் ஓவர்லோட் செய்ய விடுவதில்லை. ஸ்விஃப்ட் புதுக் குறிகளையே உருவாக்கிக்கொள்ள விடுகிறது. அதன் + குறிக்கு ஏகப்பட்ட வடிவங்கள் இருப்பதால், எண்களும் கூட்டல்களும் நிறைந்த நீளமான ஒரு கோவையைக் கொடுத்தால், நியாயமான நேரத்துக்குள் டைப்பைச் சரிபார்க்க முடியவில்லை என்று கம்பைலர் கைவிரித்துவிடுவதும் உண்டு.

இந்தக் குறைகளை வரிசையாகப் பார்த்தால், எல்லாமே வரம்பு போட்டால் தீரக்கூடியவை. டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியின் குறை அப்படி அல்ல. அ + ஆ என்ற வரியில் + இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அ-வின் டைப்புக்குப் போய்ப் பார்க்கலாம், எடிட்டரில் ஒரு க்ளிக் போதும். வெறும் அ என்ற பெயரில் எதைப் பிடிப்பது? ஆப்ஜெக்ட்டா, மதிப்பா என்பதைச் சுற்றியிருக்கும் இடம் தீர்மானிக்கிறது. அந்த இடமும் ஒவ்வொரு வரிக்கும் மாறுகிறது.

உண்மையில் இந்த இரண்டும் மோதும் இடம் ஒன்று இருக்கிறது. தானாக நடக்கும் டைப் மாற்றம்தான் அது. ஓவர்லோடிங்கின் மேல் சொல்லப்படும் புகார்களில் பலவும் இதன் மேல் சொல்ல வேண்டியவை.

ஜாவாஸ்க்ரிப்டில் ஆபரேட்டர் ஓவர்லோடிங் கிடையாது. ஆனால் ஒரு ஆப்ஜெக்ட் எண்ணாக மாற வேண்டிய இடத்தில் வேல்யூஆஃப் என்ற மெத்தட் கூப்பிடப்படும். டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியின் நெருங்கிய உறவு இது. ஒரே நொடியைக் குறிக்கும் இரண்டு டேட் ஆப்ஜெக்ட்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள்:

தேதி1 <= தேதி2 → உண்மை
தேதி1 >= தேதி2 → உண்மை
தேதி1 == தேதி2 → பொய்

முதல் இரண்டில் மதிப்புகள் ஒப்பிடப்படுகின்றன. மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஆப்ஜெக்ட் என்பதால் மாற்றம் நடக்கவில்லை, "இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா?" என்று பார்க்கப்படுகிறது. இதோடு விடவில்லை: தேதியிலிருந்து 1-ஐக் கழித்தால் எண் வரும், 1-ஐக் கூட்டினால் சரம் வரும். டேட் டைப்பை எழுதியவருக்கு <=, == இரண்டையும் சேர்த்து எழுதும் வாய்ப்பு இருந்திருந்தால் இந்த முரண்பாட்டை அவர் விட்டிருக்க மாட்டார். ஓவர்லோடிங் இல்லாததால் வந்த குழப்பம் இது.

ஜாவாவிலும் இதன் சாயல் உண்டு. 2004-ல் ஜாவா 5-ல் வந்த ஆட்டோபாக்ஸிங், இன்டீஜர் ஆப்ஜெக்ட்டையும் இன்ட் மதிப்பையும் தானாக மாற்றிக்கொடுக்கும். இரண்டு இன்டீஜர் மாறிகளில் 127-ஐ வைத்து == போட்டால் உண்மை என்று வரும். 128-ஐ வைத்தால் வழக்கமாகப் பொய். -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஒரே ஆப்ஜெக்ட் திரும்பக் கொடுக்கப்படுகிறது, அதற்கு வெளியே புதிது உருவாகிறது. கூட்டலில் மதிப்பு, சமன்பார்ப்பதில் ஆப்ஜெக்ட். விபியின் செட் சிக்கல் வேறு உடையில் வந்திருக்கிறது.

சி++ இந்தப் பாடத்தை மெதுவாகக் கற்றது. பூல் (உண்மை/பொய் மதிப்பு) ஆக மாறத் தெரிந்த ஸ்ட்ரீம் (உள்ளீடு, வெளியீட்டுக்கான ஆப்ஜெக்ட்) ஒன்று இருந்தால், உள்ளீட்டு ஸ்ட்ரீமில் தவறுதலாக << 5 என்று எழுதினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்: ஸ்ட்ரீம் பூல் ஆகி, பூல் எண்ணாகி, எண் ஐந்து பிட் நகரும். 2011 பதிப்பில் அத்தகைய மாற்றங்களை எக்ஸ்ப்ளிசிட் என்று குறிக்கும் வசதி வந்த பிறகுதான் இது ஒழுங்குக்கு வந்தது. பைத்தானில் எண் கணக்குகளுக்கான நம்பை நூலகம் ஆரம்பத்திலேயே நல்ல இடத்தில் நின்றது. இரண்டு அரேக்களை (எண்களின் வரிசைகளை) == போட்டால் உறுப்புவாரியாக ஒப்பிட்ட இன்னொரு அரே கிடைக்கும். பல உறுப்புகள் உள்ள அந்த அரேயை அப்படியே இஃப்-க்குள் கொடுத்தால், எல்லாமா அல்லது ஏதாவது ஒன்றா என்று சொல்லச் சொல்லிப் பிழை எறியும். ஊகிக்க மறுப்பதுதான் அங்கே நல்ல வடிவமைப்பு.

டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியை முழுவதும் நிராகரிக்கும் முன் அதன் பின்னால் இருக்கும் தேவையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தேவை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மதிப்பைச் சுற்றி உறை போடும் டைப்புகள் இன்று எங்கும் உண்டு: மாறினால் திரையைப் புதுப்பிக்கும் மதிப்பு, கேட்கும்போது மட்டும் கணக்கிடப்படும் மதிப்பு, இல்லாமலும் போகக்கூடிய மதிப்பு. ஒவ்வொரு முறையும் .வேல்யூ எழுதுவது எரிச்சல்தான். வலைப்பக்கங்களுக்கான வியூ ஃப்ரேம்வொர்க்கில் இதே விவாதம் நடந்தது. ரெஃப் என்ற உறைக்கு ஸ்க்ரிப்டில் .வேல்யூ எழுத வேண்டும், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் வேண்டாம். ஸ்க்ரிப்டிலும் அதை எடுத்துவிடும் ஒரு சோதனை வசதியைக் கொண்டுவந்தார்கள், கடைசியில் 3.4 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். .வேல்யூ போனால் எந்த மாறி கண்காணிக்கப்படுகிறது, எது சாதாரணமானது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. டெம்ப்ளேட்டில் மட்டும் அது இன்றும் இருக்கிறது, அங்கே இருப்பது நியாயமும்கூட. மதிப்பைக் காட்டுவதுதான் அங்கே வேலை, உறையைக் கையில் பிடித்து விளையாட வேண்டிய தேவை அரிது.

மொழி மட்டத்தில் இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல தீர்வு ஸ்விஃப்ட்டின் ப்ராப்பர்ட்டி ராப்பர், 2019-ல் 5.1 பதிப்பில் வந்தது. உறை உண்டு என்பதை மாறியை அறிவிக்கும் இடத்திலேயே ஒரு @ குறியோடு எழுத வேண்டும். அதன் பிறகு வெறும் பெயர் எப்போதும் மதிப்புதான், இடத்துக்கு இடம் மாறாது. உறையே வேண்டுமானால் பெயருக்கு முன்னால் அடிக்கோடு. உறை தனியாக வெளியே கொடுக்க விரும்பும் ஒன்று வேண்டுமானால் டாலர் குறி. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வடிவம். கோட்லினில் பை என்ற சொல்லோடு வரும் டெலிகேட்டட் ப்ராப்பர்ட்டியும் இதே பாணி. டீஃபால்ட் ப்ராப்பர்ட்டி கொடுத்த வசதி முழுவதும் இதில் கிடைக்கிறது, சமக்குறியும் பிழைத்துக்கொள்கிறது.

இரண்டுமே வேண்டாம் என்ற மூன்றாவது வழியையும் நான் மதிக்கிறேன். கோ மொழியில் இரண்டும் இல்லை. ஸிக் மொழி இன்னும் கறாரானது: ஃபங்ஷன் அழைப்பு போலத் தெரியாத எதுவும் ஃபங்ஷனை அழைக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்பகுதியையோ சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கோ எழுதுகிறவருக்கு, ஒரு + எவ்வளவு மெமரி கேட்கும் என்பது உயிர்நாடியான கேள்வி. அங்கே இந்தக் கறார் பொருத்தமானது. கணிதம், நேரம், பணம், அலகுகள் என்று கணக்கு நிறைந்த துறைகளுக்கான மொழி என்றால் அதே கறார் பயனரின் முதுகில் சுமையாகிவிடும்.

எனவே பொதுப்பயன் மொழி ஒன்றுக்கு நான் வைக்கும் வரம்புகள் இவை. ஓவர்லோட் செய்யக்கூடிய குறிகளின் பட்டியலை மொழியே முடிவு செய்யட்டும், புதுக் குறிகள் வேண்டாம். கோட்லின் இப்படித்தான் செய்கிறது. இருபுறத்தில் ஒன்றாவது நீங்கள் எழுதிய டைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு எண்களின் கூட்டலையே யாராவது மாற்றிவிடுவார்கள். == எழுதினால் != அதிலிருந்தே பிறக்கட்டும். சி ஷார்ப் இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது, அதுவும் சரிதான், ஆனால் தானாகப் பிறந்தால் முரண்படவே வாய்ப்பில்லை. &&, || இரண்டையும் தொட விடக் கூடாது. பயனர் எழுதும் டைப் மாற்றம் எதுவும் தானாக நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக = குறியை யாரும் மாற்ற முடியக் கூடாது; பெயரை எழுதினால் அந்தப் பெயரில் இருப்பதுதான் வர வேண்டும்.

இன்னும் முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓவர்லோடிங்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விபி டாட்நெட்டே அதை 2005 பதிப்பில்தான் சேர்த்தது, ஏற்கெனவே எழுதிய கோட் எதுவும் அதனால் பொருள் மாறவில்லை. டீஃபால்ட் ப்ராப்பர்ட்டியை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்கும்போது, அதை நம்பி எழுதிய ஒவ்வொரு வரியையும் யாராவது திறந்து, இங்கே ஆப்ஜெக்ட்டா மதிப்பா என்று பார்த்து, கையால் திருத்த வேண்டியிருக்கும். முதல் பதிப்பில் இண்டெக்ஸரை மட்டும் கொடுத்து வெளியிடுங்கள். ஓவர்லோடிங்குக்கான வரம்புகளைப் பயனர்களின் கோடைப் பார்த்து இரண்டாவது பதிப்பில் முடிவு செய்யலாம்.